ஆறிய பிறகும் அலுமினியம் இறுகுவது ஏன்?

1906-இல் ஜெர்மானியர் ஆல்ஃபிரட் வில்ம், ஓர் அலுமினியக் கலவையைச் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்தார். சில நாள் சும்மா கிடந்தே அது கூடுதலாக இறுகியிருந்தது. எப்படி?

உலோகத்தில் அணுக்கள் வரிசையாக அமர்ந்திருந்தாலும் சில இருக்கைகள் காலியாகவே இருக்கும். சூடு ஏறினால் காலியிடம் பெருகும். 500 டிகிரி செல்சியஸில் அலுமினியத்தில் சுமார் 10,000 இருக்கைகளுக்கு ஒன்று காலி. மெல்ல ஆறவிட்டால் இவை மறைந்துவிடும். தண்ணீரில் அமிழ்த்தினால் தப்ப நேரமின்றி உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

எண் கட்டைகளை நகர்த்தும் விளையாட்டுப் பலகையை நினைத்துப் பாருங்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தால்தான் கட்டைகள் நகரும். அணுக்களும் அப்படித்தான்.

எடுத்துக்காட்டாக, அலுமினியம்-லித்தியக் கலவையில் லித்தியம் இப்படி நகர்ந்து, மூன்று அலுமினியத்துக்கு ஒரு லித்தியம் என்ற கணக்கில் நானோமீட்டர் அளவு உருண்டைகளாகத் திரள்கிறது. உலோகம் வளையும்போது அணு வரிசைகள் வழுக்கி நகரும். உருண்டைகள் அதற்குக் குறுக்கே நிற்பதால் வலிமை கூடுகிறது.

ஆனால் லித்தியம் காலியிடங்களைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் செம்பும் சேர்ந்த கலவையில் செம்பு அணுக்களின் நகர்வு மந்தமாகும். இதமான சூட்டில் பல மணி நேரம் வைத்தே முதிரச் செய்ய வேண்டும். அதிகம் வைத்தாலோ உருண்டைகள் பருத்து, வலிமை குறையும்.

இத்தனை சிரமத்துக்கும் பலன் உண்டு: எடையில் 1 சதவீதம் லித்தியம் சேர்த்தால் அடர்த்தி ஏறத்தாழ 3 சதவீதம் குறையும். 1998-இல் இத்தகைய கலவையால் செய்த அமெரிக்க விண்வெளி ஓடத்தின் எரிபொருள் தொட்டி, முந்தையதைவிடச் சுமார் 3,400 கிலோ இலேசாக இருந்தது.