திகில் பூங்காக்களின் திறந்தவெளி விளக்குகள்: மழையிலும் பாதுகாப்பு உறுதி செய்யப்படுவது எப்படி?

அக்டோபர் 31-ஆம் தேதி கொண்டாடப்படும் ஹாலோவீனை முன்னிட்டு, அமெரிக்கப் பொழுதுபோக்குப் பூங்காக்கள் பல வாரங்களுக்கு இரவுநேரத் திகில் நிகழ்ச்சிகளை நடத்துகின்றன. கலிபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் பூங்கா 1973-லும், ஆர்லாண்டோவின் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் 1991-லும் இவற்றைத் தொடங்கின.

செயற்கைப் புகையை ஊடுருவும் வண்ண ஒளிக்கற்றைகள் இங்கு அச்சச் சூழலை உருவாக்குகின்றன. ஆனால், நாடக அரங்க விளக்குகள் பெரும்பாலும் 'ஐபி20' தரத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்கு நீரைத் தடுக்கும் ஆற்றல் இல்லை. எனவே, திறந்தவெளிக்கு 'ஐபி65' தர விளக்குகள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. இதில் 6 என்பது தூசி புகாத தன்மையையும், 5 என்பது எத்திசையிலிருந்தும் பீய்ச்சப்படும் நீரைத் தாங்கும் திறனையும் குறிக்கும்.

விளக்கு நனையாதிருந்தால் மட்டும் போதாது. ஈரத் தரையில் கிடக்கும் கம்பி இணைப்புகளே பெரும் ஆபத்தானவை. அமெரிக்காவில் பயன்படும் மின்கசிவுத் தடுப்பான்கள் ஏறத்தாழ 5 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டித்து உயிரைக் காக்கின்றன. உயரத்தில் பொருத்தப்படும் விளக்குகள், பிடிமானம் தளர்ந்தாலும் கூட்டத்தின் மீது விழாதவாறு, கூடுதலாக எஃகு வடத்தால் பிணைக்கப்படுகின்றன.

விநாடிக்கு 3 முதல் 30 முறை வரை மின்னும் ஒளி, ஒளியால் தூண்டப்படும் வலிப்பு நோய் உள்ளோருக்கு ஆபத்தை விளைவிக்கலாம். இதனாலேயே நுழைவாயிலில் எச்சரிக்கைப் பலகை அவசியமாகிறது. அதைப் படித்த பின்னரே உள்ளே செல்வது பார்வையாளர்களுக்கு நல்லது.