களைக்கும் சேரும் கரியமில வாயு

கரியமில வாயு பயிர்களின் உணவு. அது பெருகினால் விளைச்சலும் பெருகும் என்ற வாதம் அவ்வப்போது முன்வைக்கப்படுகிறது. அது பாதி உண்மை. தொழிற்புரட்சிக்கு முன்பு காற்றில் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 280 பங்காக இருந்த அவ்வாயு, இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. ஆனால், வயலில் பயிர் மட்டுமா வளர்கிறது? களையும் வளர்கிறது. எனவே, பயிர் எவ்வளவு வளர்ந்தது என்பதோடு, களையை விஞ்சி வளர்ந்ததா என்பதும் விளைச்சலைத் தீர்மானிக்கிறது.

ஒளிச்சேர்க்கையின் அடிப்படையில் நெல், கோதுமை போன்றவை 'சி-3' வகையைச் சேர்ந்தவை. கரியமில வாயு கூடினால் இவற்றின் வளர்ச்சியும் கூடும். சோளம், கம்பு, மக்காச்சோளம் ஆகியவை 'சி-4' வகை. அவ்வாயுவை இலைக்குள்ளேயே செறிவூட்டிக் கொள்ளும் ஆற்றல் இவற்றுக்கு உண்டு என்பதால், போதிய ஈரம் இருக்கையில் கூடுதல் வாயுவால் பெரிய ஆதாயமில்லை.

நெல்லின் முக்கிய எதிரியான குதிரைவாலிப் புல்லும் 'சி-4' வகைதான். இக்கணக்கின்படி நெல்லே வெல்ல வேண்டும். ஆனால், கரியமில வாயு தனியே வருவதில்லை. வெப்பத்தையும் வறட்சியையும் உடன் அழைத்து வருகிறது. அவற்றைத் தாங்குவதில் 'சி-4' களைகளே வலியவை. மானாவாரிச் சோளத்திலோ நிலைமை நேர்மாறு. அங்கு 'சி-3' வகையைச் சேர்ந்த அகன்ற இலைக் களைகள் பல, கூடுதல் வாயுவின் பலனைப் பெறுகின்றன.

இவற்றினும் கவலைக்குரியது களைநெல். அது நெல்லின் இனமே, 'சி-3' வகையே. அமெரிக்க வேளாண் துறையின் லூயிஸ் சிஸ்காவும் சக ஆய்வாளர்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், கரியமில வாயு உயர உயர, பயிர்நெல்லைவிடக் களைநெல்லே கூடுதல் ஆதாயம் பெற்றது. சீரான விளைச்சலுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ரகங்களில் மரபுப் பன்மை குறுகிவிட்டது. களையிடம் அது குறையவில்லை என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம்.

தமிழகத்துக்கும் இதில் பாடம் உண்டு. தண்ணீர்த் தட்டுப்பாட்டாலும் ஆள் பற்றாக்குறையாலும் நேரடி நெல் விதைப்பு பரவுகிறது. நடவு வயலில் நாற்று களையை முந்திக்கொள்ளும். தேங்கிய நீரும் களையை அடக்கும். நேரடி விதைப்பிலோ இரண்டும் ஒன்றாகவே முளைக்கின்றன. இளம்பருவத்தில் களைநெல்லைப் பிரித்தறிவதும் கடினம். அதைக் கொல்லும் மருந்து பெரும்பாலும் நெல்லையும் கொல்லும்.

ஆகவே, கரியமில வாயுவால் விளைச்சல் உயரும் என்று மட்டும் மதிப்பிடுவது, வரவை எழுதிச் செலவை மறைக்கும் கணக்கு. அந்தச் செலவு களையெடுப்புக் கூலியாகவும் களைக்கொல்லி விலையாகவும் விவசாயியின் தலையில்தான் விழும். களைநெல் கலவாத சான்று விதை, நெல்லுக்குப் பின் பயறு வகைகள், முளைத்தவுடன் விரைந்து படர்ந்து களையை நிழலால் அடக்கும் ரகங்கள் ஆகியவை நாம் இப்போதே செய்யக்கூடியவை. புதிய ரகங்களைக் களையற்ற சோதனை வயலில் மட்டுமன்றி, களைகளோடு போட்டியிட வைத்தும் சோதிக்க வேண்டும். ஏனெனில், விவசாயியின் வயல் அப்படித்தான் இருக்கிறது.