கொலையா, கடமையா? 140 ஆண்டுகளாக வாதாடும் கல்லறை!

பக்கத்துப் பக்கத்தில் மூன்று கற்குவியல்கள். பில்லி கிளாண்டன், டாம் மெக்லாரி, ஃப்ராங்க் மெக்லாரி என்று பெயர்கள். மூவரும் 1881-ல் டூம்ஸ்டோன் தெருவில் கொலை செய்யப்பட்டவர்கள் என்கிறது அங்கிருக்கும் பலகை.

'கொலை' என்ற அந்தச் சொல்லில்தான் விவகாரமே!

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரிலிருந்து சுமார் 110 கி.மீ. தூரத்தில் இருக்கிறது டூம்ஸ்டோன். பெயருக்கு அர்த்தமே கல்லறைக்கல்தான். 1877-ல் எட் ஷிஃபெலின் இங்கே தாது தேடிக் கிளம்பியபோது, அப்பாச்சி பழங்குடிகளோடு மோதல் நடக்கிற இடம், உனக்குக் கிடைக்கப்போவது கல்லறைக்கல்தான் என்று ராணுவ வீரர்கள் பயமுறுத்தினார்களாம். மனிதருக்குக் கிடைத்ததோ வெள்ளி. அந்தக் கிண்டலையே சுரங்கத்துக்குப் பெயராக வைத்தார். 1879-ல் உருவான ஊருக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது.

வெள்ளி இருந்தால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் சாராயக்கடை, சூதாட்டம், துப்பாக்கி எல்லாம் வரும். ஊரை ஒட்டிய மேட்டில் இருந்த இடுகாடும் நிறைய ஆரம்பித்தது. பூட்ஸைக் கழற்றக்கூட நேரமில்லாமல் செத்தவர்களின் மேடு என்பதால் 'பூட்ஹில்'. 1884-ல் புதிய இடுகாடு வரும்வரை சுமார் 250 பேர் இங்கே புதைக்கப்பட்டார்கள். எல்லோரும் குண்டடிபட்டவர்கள் அல்லர். நோயில் போனவர்கள், சுரங்க விபத்தில் சிக்கியவர்கள், குழந்தைகளும் இருக்கிறார்கள்.

அந்த மூவரின் கதைக்கு வருவோம். 1881 அக்டோபர் 26. நகர மார்ஷல் விர்ஜில் எர்ப், தம்பிகள் வயட், மார்கன், நண்பர் டாக் ஹாலிடே ஒரு பக்கம். 'கௌபாய்' கும்பல் மறுபக்கம். சுமார் 30 விநாடிகளில் எல்லாம் முடிந்துவிட்டது. ஹாலிவுட் பலமுறை படமாக்கிய 'ஓ.கே. கோரல்' சண்டை இதுதான். உண்மையில் அது நடந்தது கோரலுக்குள் அல்ல, அருகிலிருந்த குறுகலான காலி மனையில்!

இறந்த மூவரின் உடல்களையும் சவப்பெட்டிக் கடைக்காரர் கண்ணாடி ஜன்னலில் பார்வைக்கு வைத்தார். தெருவில் கொலை செய்யப்பட்டவர்கள் என்று கூடவே ஓர் அட்டை. சுமார் ஒரு மாத விசாரணைக்குப் பிறகு, மாஜிஸ்திரேட் வெல்ஸ் ஸ்பைசர் எர்ப் தரப்பை விடுவித்தார். அவர்கள் கடமையைத்தான் செய்தார்கள் என்பது அவர் முடிவு. ஆனால், இடுகாட்டுக்கு வந்து சேர்ந்தது தீர்ப்பல்ல, அட்டை வாசகம். வயட் எர்ப் 1929 வரை வாழ்ந்தார். அவர் அஸ்தி இருப்பது கலிஃபோர்னியாவில். டூம்ஸ்டோனில் பதில் சொல்ல அவர் இல்லை.

சுரங்கங்களில் தண்ணீர் புகுந்தது. 1886-ல் பம்ப் கூடம் தீப்பிடித்த பிறகு ஊர் காலியாகத் தொடங்கியது. இடுகாட்டை முள்செடி மூடியது, மரப்பலகைகள் மக்கின. 1920-களில்தான் ஊர்க்காரர்கள் சுத்தம் செய்யத் தொடங்கினார்கள். ஆக, இன்று சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் பலகைகள் பிற்காலத்தவை. தவறுதலாகத் தூக்கிலிடப்பட்டதாகச் சொல்லப்படும் ஜார்ஜ் ஜான்சனின் பலகைக்கு முன்னால் எப்போதும் சிரிப்புச் சத்தம். திருட்டுக் குதிரை என்று தெரியாமல் வாங்கினாராம். கதை உண்மையென்றால், சிரிக்க அதில் என்ன இருக்கிறது?

பரிசுப்பொருள் கடை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். பிரபலங்களைத் தாண்டி நடந்தால் 'சைனா மேரி'யின் கல்லறை. ஊரின் சீனர்களுக்கு வேலை பிடித்துக்கொடுத்து, கடையும் நடத்திய பெண்மணி. 1906-ல் இறந்தார். பழைய இடுகாடு மூடிய பிறகும் அவரை இங்கேதான் அடக்கம் செய்தார்கள்.

அங்கங்கே இன்னும் சில கற்குவியல்கள். பலகையில் ஒரே சொல்: 'தெரியாதவர்'. அங்கே யாரும் செல்ஃபி எடுப்பதில்லை.