பழ ஈயில் ஒரு மரபணுவை அணைப்பது எப்படி?

ஒரு மரபணு என்ன வேலை செய்யுதுன்னு தெரியணும்னா, அதை நிறுத்திவிட்டு எது கெட்டுப்போகுதுன்னு பார்ப்பதுதான் நேர்வழி. சிக்கல் என்னவென்றால், ஒரே மரபணு மூளையிலும் வேலை செய்யும், இறக்கையிலும் வேலை செய்யும். உடம்பு முழுக்க அதை அழித்தால் பல சமயம் ஈ புழுப் பருவத்தையே தாண்டாது. செத்த ஈயை வைத்துத் தூக்கத்தை ஆராய முடியுமா?

1993-ல் ஆண்ட்ரியா பிராண்டும் நார்பெர்ட் பெரிமானும் இதற்கு வழி காட்டினார்கள். யீஸ்ட்டில் கேல்4 என்றொரு புரதம் உண்டு. அது யூஏஎஸ் என்ற டிஎன்ஏ துண்டில் போய் ஒட்டினால், பக்கத்தில் இருக்கும் மரபணு இயங்கத் தொடங்கும். இந்த ஜோடியை ஈக்குள் வைக்கலாம். ஓர் ஈயில், கண்ணில் மட்டும் கேல்4. இன்னொரு ஈயில், யூஏஎஸ்ஸை அடுத்து நமக்கு வேண்டிய கட்டளை. இரண்டையும் இணை சேர்த்தால், பிறக்கும் ஈக்களின் கண்ணில் மட்டும் கட்டளை நிறைவேறும்.

அந்தக் கட்டளை, கொண்டை ஊசி மாதிரி மடங்கிய ஓர் ஆர்என்ஏ. செல் அதைச் சுமார் 21 எழுத்துத் துண்டுகளாக நறுக்கி, அதே எழுத்து வரிசை உள்ள செய்தி ஆர்என்ஏவைத் தேடி வெட்டிவிடும். மரபணு அப்படியே இருக்கும். அது அனுப்பும் செய்திதான் போய்ச் சேராது. இரட்டை இழை ஆர்என்ஏவின் இந்தக் குணத்தை 1998-ல் புழுக்களில் காட்டிய ஃபயருக்கும் மெல்லோவுக்கும் 2006-ல் நோபல் பரிசு கிடைத்தது.

2007-ல் வியன்னா ஆய்வாளர்கள் இப்படி 22,000-க்கும் மேற்பட்ட ஈ வகைகளை உருவாக்கிவிட்டார்கள். வேண்டிய மரபணுவைச் சொன்னால் ஈயை அனுப்பிவைப்பார்கள்.

இங்கேதான் ஒரு பொறி. பின்னர் வந்த கேகே என்ற தொகுப்பில், சில ஈக்களில் கட்டளைத் துண்டு 40டி என்ற இடத்திலும் உட்கார்ந்திருந்தது. பக்கத்திலேயே டிப்டாப் என்ற மரபணு. கேல்4 வந்ததும் அதுவும் சேர்ந்து இயங்க ஆரம்பித்தது! அணைத்த மரபணுவால் வந்தது என்று நினைத்த மாற்றம், தவறுதலாக எரியவிட்ட மரபணுவால் வந்திருக்கலாம். இதை 2014-லும் 2016-லும் வந்த ஆய்வுகள் வெளிக்கொண்டுவந்தன.

அதனால் ஒரே ஈயை நம்பி முடிவு சொல்லக்கூடாது. அதே மரபணுவின் வேறு பகுதியைத் தாக்கும் இன்னொரு ஊசியும் அதே விளைவைத் தரணும். ஊசிக்குப் பிடிபடாத நகலைத் திருப்பி வைத்தால் ஈ சரியாகணும். ஒப்பீட்டு ஈயிலும், கட்டளை இல்லாத வெற்றுத் துண்டு அதே இடத்தில் இருக்கணும். இவ்வளவும் பொருந்தினால்தான், அந்த மாற்றத்துக்குக் காரணம் இந்த மரபணு என்று தைரியமாக எழுதலாம்.