அப்பாவாகப் போறீங்களா, சார்?

குழந்தைக்கு மேல் உதடு பிளந்திருந்தால் நம்ம ஊரில் தீர்ப்பு உடனே வந்துவிடும். 'கிரகணத்தன்னிக்கு அவ வெளியில வந்திருப்பா!' ஆக, சூரியன், சந்திரன், மருமகள் மூவரும் குற்றவாளிக் கூண்டில். புருஷன்காரன்? வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பான்!

இந்தத் தீர்ப்பைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்தான் எழுதுகிறேன். கருவில் முகம் உருவாகும்போது இரண்டு பக்கத் தசையும் நடுவில் வந்து ஒட்டவேண்டும். உதடு ஒட்டும் வேலை முதல் இரண்டு மாதத்துக்குள் முடிந்துவிடும். அது சரியாக நடக்காவிட்டால் பிளவு. இதில் கிரகணத்துக்கு என்ன வேலை?

உலகம் முழுக்கவே 100 குழந்தைகளில் ஏறக்குறைய இரண்டு மூன்று பேர் பெரிய குறை ஏதாவது ஒன்றோடு பிறக்கிறார்கள். உதட்டுப் பிளவு, வளைந்த பாதம் எல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. இதயக் குறைகள் உள்ளே ஒளிந்திருப்பவை. 100 குழந்தைகளில் ஒன்றுக்கு அது உண்டு. 21-வது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருந்தால் டவுன் சிண்ட்ரோம். பாதிக்கு மேற்பட்ட குறைகளுக்கு இன்னதுதான் காரணம் என்று டாக்டர்களாலேயே சொல்ல முடிவதில்லை. ஆனால், தெரிந்த காரணங்களில் நம் கையில் இருப்பவை சில உண்டு.

அக்கா மகளா, அத்தை மகளா?

தமிழ்நாட்டில் நாலில் ஒரு கல்யாணத்துக்கு மேல் சொந்தத்தில்தான் நடக்கிறது. 'சொத்து வெளியே போகாது' என்பார்கள். சொத்து மட்டுமா, பழுதான ஜீனும் வெளியே போகாது!

நாம் எல்லோருமே சில பழுதான ஜீன்களைச் சுமக்கிறோம். ஜோடியில் இன்னொன்று நன்றாக இருப்பதால் தப்பிக்கிறோம். அத்தை மகளுக்கும் உங்களுக்கும் எட்டில் ஒரு பங்கு ஜீன் பொது. அக்கா மகள் என்றால் நாலில் ஒரு பங்கு. ஒரே பழுது இரண்டு பேரிடமும் இருந்துவிட்டால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் குழந்தைக்கு நோய் வரலாம். அத்தை மகள், மாமன் மகள் கல்யாணத்தில் வழக்கமான ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அப்படியும் பெரும்பாலான குழந்தைகள் நல்லபடியாகவே பிறக்கின்றன. ஏற்கெனவே முடித்தவர்கள் பயப்படவேண்டாம். மரபணு ஆலோசனை கேட்டுக்கொள்ளுங்கள்.

மாத்திரை தந்த பாடம்

1957-ல் மேற்கு ஜெர்மனியில் தாலிடமைடு என்றொரு தூக்க மாத்திரை விற்பனைக்கு வந்தது. மசக்கைக்கும் கொடுத்தார்கள். 1961-ல் வாபஸ் வாங்குவதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் வளராமல் பிறந்துவிட்டன. மெடிக்கல் ஷாப்பில் 'வாந்திக்கு ஏதாச்சும் குடுப்பா' என்று கேட்கிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள். வலிப்பு மாத்திரை சாப்பிடுகிற பெண் என்றால் கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரைப் பார்க்கவேண்டும். தானாக நிறுத்துவதும் ஆபத்து.

ரூபெல்லா அம்மையும் வில்லன்தான். கர்ப்பிணிக்கு வந்தால் குழந்தையின் கண், காது, இதயம் மூன்றையும் கெடுக்கும். 1941-ல் சிட்னி கண் டாக்டர் நார்மன் கிரெக் இதைக் கண்டுபிடித்தார். 2017-ல் தமிழ்நாட்டில் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். அதற்கு முன்பே வளர்ந்துவிட்ட பெண் என்றால் போட்டாயிற்றா என்று விசாரியுங்கள். கர்ப்பத்தின்போது போடக்கூடாது, முன்கூட்டியே போடவேண்டும்.

28 நாள் கணக்கு

குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிக்கொள்கிறது. பல பெண்களுக்கு 'நாள் தள்ளிப் போச்சே' என்ற சந்தேகமே அப்போதுதான் வரும்! அதனால்தான் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை ஒரு மாதம் முன்பிருந்தே சாப்பிடச் சொல்கிறார்கள். இந்தக் குறையோடு ஒரு குழந்தை பெற்ற பெண்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்து 1991-ல் முடிவை வெளியிட்டார்கள். மறுபடி வருவது 72 சதவிகிதம் குறைந்தது! விலையும் ரொம்பக் குறைவு. அளவை டாக்டரிடம் கேளுங்கள்.

குறையோடு பிறந்துவிட்டால்? உதட்டை ஆபரேஷனில் சரிசெய்யலாம். வளைந்த பாதத்தை வாராவாரம் மாவுக்கட்டு மாற்றிப் போட்டே பெரும்பாலும் நிமிர்த்திவிடுகிறார்கள். 2013-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 18 வயது வரை பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

கடைசியாக, பிரம்மச்சாரிகளுக்கும் புது மாப்பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. மனைவியை உள்ளே அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் வண்டிக்குக் காவல் நிற்காதீர்கள். டாக்டர் ரூமில் ரெண்டு நாற்காலி போட்டிருக்கிறார்கள். ஒன்று உங்களுக்குத்தான் சார்!