இம்பாலா: ஒரு பெயரும் பத்துத் தலைமுறைகளும்

ஒரு பண்டத்தின் பெயர் நெடுங்காலம் மாறாதிருப்பதைக் கண்டு, அப்பண்டமும் மாறவில்லை என்று எண்ணிவிடுவது மனித இயல்பு. இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராய்வதற்கு, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் ஷெவர்லே என்னும் தங்கள் பிரிவின் வாயிலாக வெளியிட்ட ‘இம்பாலா’ மோட்டார் காரின் வரலாறு நல்லதோர் உதாரணமாகும். 1958 முதல் 2020 வரை, இடையிடையே நின்றும் மீண்டும் தொடங்கியும், இப்பெயர் பத்துத் தலைமுறைக் கார்களுக்கு வழங்கிற்று.

பெயரின் தோற்றம்

இம்பாலா என்பது ஆப்பிரிக்காவின் கிழக்கிலும் தெற்கிலும் வாழும், இரலை மான்களை ஒத்த ஒரு விலங்கு. தாவிப் பாய்வதில் பேர்போன இவ்விலங்கின் பெயர் ஜூலு மொழியினின்று ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றதாகும். 1956-இல் கம்பெனியார் நடத்திய கண்காட்சியில் ஒரு மாதிரிக் காருக்கு முதன்முதலாக இப்பெயர் சூட்டப்பட்டது. 1958-இல் ‘பெல் ஏர்’ என்னும் வரிசையின் உயர்ந்த ரகமாக இம்பாலா விற்பனைக்கு வந்தது. பின்புறத்தில் பக்கத்திற்கு மூன்று விளக்குகள் வீதம் அமைந்தது இதன் அடையாளமாயிற்று. மறு ஆண்டிலேயே இது தனி வரிசையாக உயர்ந்தது. 1959-ஆம் ஆண்டுக் காரின் பின்புறத்தில், பறவையின் சிறகுகள் போன்று இருபுறமும் விரிந்த தகட்டமைப்பு காண்போரைக் கவர்ந்தது. அது பெரும்பாலும் அழகுக்காகவே செய்யப்பட்டது.

பெருக்கமும் நெருக்கடியும்

அமெரிக்காவில் பெட்ரோல் மலிவாகவும் சாலைகள் அகலமாகவும் இருந்த காலம் அது. காலப்போக்கில் காரின் நீளமும் எஞ்சினின் ஆற்றலும் பெருகின. 1965-ஆம் ஆண்டு மாதிரியில் மட்டும் 10 லட்சத்திற்கும் அதிகமான இம்பாலாக்கள் விற்பனையாயின. அவ்வாண்டில் இம்பாலாவின் உயர்தர வகையாகத் தோன்றிய ‘கப்ரீஸ்’, அடுத்த ஆண்டில் தனி வரிசையாகப் பிரிந்து, நாளடைவில் தாய்க் காரையே பின்தள்ளிவிட்டது.

1971-இல் தொடங்கிய ஐந்தாம் தலைமுறையில் காரின் நீளம் ஏறத்தாழ 5.6 மீட்டரை எட்டியது. இத்தருணத்தில்தான், 1973 அக்டோபரில், அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. பெட்ரோல் நிலையங்களில் கார்கள் வரிசையாகக் காத்து நின்றன. 1975-இல் அமெரிக்க அரசாங்கம் எரிபொருள் சிக்கனச் சட்டம் ஒன்றை இயற்றிற்று. அதன்படி, ஒரு கம்பெனி விற்கும் கார்கள் அனைத்தின் சராசரி, 1978-இல் லிட்டருக்குச் சுமார் 7.6 கிலோமீட்டராகவும், 1985-இல் சுமார் 11.7 கிலோமீட்டராகவும் இருத்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது.

1977-இல் வெளிவந்த ஆறாம் தலைமுறை இந்நெருக்கடிக்கு விடையாக அமைந்தது. காரின் நீளம் கால் மீட்டருக்கு மேல் குறைந்தது. எடை ஏறத்தாழ 300 கிலோகிராம் குறைந்தது. ஆயினும் பிரயாணிகளின் தலைக்கு மேலுள்ள இடமும் சாமான் அறையும் முன்னிலும் விசாலமாயின. முன்னைய கார்களின் நீளத்தில் பெரும் பகுதி பிரயாணிகளுக்குப் பயன்படாமல், வெறும் தோற்றத்திற்கே செலவாகி வந்தது என்பதை இம்மாற்றம் தெளிவாக்கிற்று.

மறைவும் மறுபிறப்பும்

1985-உடன் இம்பாலா என்னும் பெயர் கைவிடப்பட்டது. 1994-இல் அது மீண்டும் தோன்றி, 260 குதிரைச் சக்தி கொண்ட வேகக் காருக்குச் சூட்டப்பட்டது. 1996-இல் அதுவும் நின்றது. 2000-ஆம் ஆண்டு மாதிரியாக வந்த எட்டாம் தலைமுறையில் அடிப்படை அமைப்பே மாறிவிட்டது. பழைய இம்பாலாவில் தனியான இரும்புச் சட்டத்தின் மீது உடற்பகுதி பொருத்தப்பட்டிருந்தது. எஞ்சின் பின் சக்கரங்களைச் சுழற்றிற்று. புதியதில் உடற்பகுதியே சட்டமாகவும் அமைந்தது. எஞ்சின் முன் சக்கரங்களைச் சுழற்றிற்று. பெயரைத் தவிர இரண்டுக்கும் பொதுவானவை மிகச் சிலவே. 2014-இல் வெளிவந்த பத்தாம் தலைமுறையே இறுதியானது. 2020 பிப்ரவரியில் டெட்ராய்ட் நகரத் தொழிற்சாலையில் கடைசி இம்பாலா தயாராயிற்று. பின்னர் அத்தொழிற்சாலை மின்சார வாகனங்களைச் செய்வதற்காக மாற்றியமைக்கப்பட்டது.

உயிர் காக்கும் அமைப்பு

பழைய கார்களின் கனத்த தகடுகளைக் கண்டு, அவையே விபத்தில் பாதுகாப்பானவை எனக் கருதுவோர் பலர். 2009-இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு இன்ஷூரன்ஸ் நிறுவனம் இதனைச் சோதித்தது. 1959-ஆம் ஆண்டு பெல் ஏர் காரும் 2009-ஆம் ஆண்டு ஷெவர்லே மாலிபு காரும், மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், முன்புறத்தின் ஒரு பகுதி மட்டும் மோதுமாறு எதிரெதிரே செலுத்தப்பட்டன. இந்தப் பெல் ஏரின் கட்டமைப்பு அவ்வாண்டு இம்பாலாவின் கட்டமைப்பேயாகும். மோதலில் அதன் பிரயாணிகள் அறை நொறுங்கிப்போயிற்று. மனிதர் இருந்திருப்பின் ஓட்டுநர் உயிர் பிழைத்திரார். புதிய காரின் முன்பகுதி மடங்கி நசுங்கிற்று. அறையோ உருக்குலையாமல் நின்றது. அதன் ஓட்டுநருக்குக் காலில் சிறு காயமே ஏற்பட்டிருக்கும் என்று கணிக்கப்பட்டது.

இதன் காரணம் எளிது. ஓடும் காரின் இயக்க ஆற்றல் மோதலின்போது எங்கேனும் செலவாக வேண்டும். முன்பகுதி சிறிது சிறிதாக மடங்கும்போது, அவ்வாற்றலின் பெரும்பகுதி தகடுகளை வளைப்பதில் செலவாகிறது. கார் நிற்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரமும் நீள்கிறது. எனவே உடலின் மீது தாக்கும் விசை குறைகிறது. இருக்கைப் பட்டையும் காற்றுப் பையும் எஞ்சிய விசையை உடலில் பரவலாகத் தாங்கச் செய்கின்றன. பட்டை 1968 முதலும், முன்னிருக்கைகளுக்கான காற்றுப் பை 1998-ஆம் ஆண்டு மாதிரி முதலும், அமெரிக்கக் கார்களில் சட்டப்படி கட்டாயமாயின.

ஆசிரியர்கள் இதனை எளிய சோதனையால் விளக்கலாம். உயரத்திலிருந்து விழும் முட்டை கல்தரையில் உடையும். வைக்கோல் குவியலில் உடையாது. இரண்டிலும் வேகம் ஒன்றே. நிற்கும் நேரமே வேறு.

களப்பணியாளருக்கும் இவ்வரலாற்றில் ஒரு படிப்பினை உண்டு. 1976-ஆம் ஆண்டு இம்பாலாவின் கதவு 1977-ஆம் ஆண்டு இம்பாலாவுக்குப் பொருந்தாது. பம்பு செட்டாயினும் மருந்து தெளிக்கும் கருவியாயினும், பெயர் ஒன்றாயிருப்பது மட்டும் உறுதிப்பாடாகாது. தயாரித்த ஆண்டையும், மாதிரி எண்ணையும், தகட்டில் பொறித்துள்ள அளவுகளையும் படித்தறிந்த பின்னரே உதிரி உறுப்புகளை வாங்குமாறு குடியானவர்களுக்கு எடுத்துரைத்தல் நலம்.