வேகமும் லத்தியும்

எங்கள் வாலிநோக்கத்தில் இளைஞர்கள் மோட்டார் சைக்கிள்களில் கூட்டமாகப் பறந்தால், "போலீஸ் லத்தியால் ஒன்று போட்டால் அடங்குவார்கள்" என்பர் பெரியவர்கள். இயற்பியல் மாணவனாகிய எனக்கு அச்சமே எழுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவனுக்குள்ள இயக்க ஆற்றல், 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவன் தரையில் மோதும்போதுள்ள ஆற்றலுக்குச் சமம். ஓடும் வண்டியில் விழும் சிறு அடியும் உயிரைப் பறிக்கலாம். பின்னால் அமர்ந்தவரும் சாகலாம்.

2018 மார்ச் 7 அன்று, திருச்சியை அடுத்த திருவெறும்பூரில், தலைக்கவசச் சோதனையில் நிற்காமற் சென்ற தம்பதியரைப் போக்குவரத்து ஆய்வாளர் துரத்தி வண்டியை உதைத்ததாகப் புகார் எழுந்தது. கீழே விழுந்த மனைவி மாண்டார், ஆய்வாளர் கைதானார்.

சாலைப் பந்தயத்திற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு சிறையும் அபராதமும் வகுத்துள்ளது. வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு வீட்டிலேயே பிடிக்கலாம். நண்பர்களே, வேகத்தை நாம் குறைப்போம். தண்டனையை நீதிமன்றம் வழங்கட்டும்.